ஸ்ட்ரெங்த் இருபது

ஜூன் 9, காலை 8.40
நிலா, தென்முனைக் குடியிருப்பு, அரசுத் தொடக்கப் பள்ளி. பொறுப்புத் தலைமையாசிரியை சண்முகவடிவு எழுதுகிறேன். காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. குடிநீரில் வழக்கமான இரும்பு வாடை. வருகை: ஒருத்தி. இசக்கியம்மாள், நான்காம் வகுப்பு.

மற்ற பத்தொன்பது பிள்ளைகளும் குடும்பத்தோடு கம்பெனிக் குவிமாடத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே தனியார் பள்ளி இருக்கிறது. பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடுவண் அரசின் மறுமலர்ச்சித் திட்டம் வந்த வருடம் எங்கள் ஆய்வகத்தைப் பிடுங்கினார்கள். அடுத்த வருடம் மற்ற இரண்டு ஆசிரியர்களையும் தரவு ஏற்றும் வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள். அப்புறம் பள்ளிக்குத் தரமில்லை என்று அவர்களே அறிக்கை விட்டார்கள். நல்ல நியாயம்.

ஜூன் 12, பகல் 1.15
பூமியிலிருந்து செய்தி.

"மாணவர் எண்ணிக்கை இருபதுக்குக் குறைந்தால் பள்ளி அருகிலுள்ள பள்ளியுடன் இணைக்கப்படும். நடுவண் கல்வித் தரவகம்."

அருகிலுள்ள அரசுப் பள்ளி, வண்டியில் போனால் ஒரு நாள் தூரம். இணைப்பு என்றால் மூடுவிழா என்று யாருக்குத் தெரியாது? இசக்கியின் அம்மா மாரிசெல்வி பனிக்கட்டி வெட்டும் குழியில் ஒப்பந்தக் கூலி. ஒப்பந்தம் முடியாமல் இங்கிருந்து நகர முடியாது. விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை.

"மூடுனா புள்ளய என்கூடத்தான் குழிக்குக் கூட்டிட்டுப் போவணும் டீச்சர். தனியா விட்டுட்டா போவ முடியும்?"

குழிக்குள் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். தூசி நெஞ்சில் ஏறி, நாலு எட்டு நடந்தாலே உட்கார்ந்துவிடுவார்கள். என் பிள்ளை அங்கே போகக்கூடாது. ஆமாம், என் பிள்ளைதான்.

ஜூன் 13, காலை 9.05
தலைக்கணக்கைக் கூட்டி ஸ்ட்ரெங்த் காட்டுவது வாத்தியார்களுக்குப் புதிதா என்ன? பூமியில் நான் வேலை பார்த்த பள்ளியில், ஊரை விட்டுப் போன பிள்ளையின் பெயரை அடிக்காமலே வைத்திருப்போம். இங்கே பெயர் போதாது, குரல் வேண்டும். தரவகம் வருகையைக் காதால்தான் கேட்கிறது. பழைய வகுப்புகளின் ஒலிப்பதிவு பள்ளிக் கணினியில் இருந்தது. போனவர்களுக்காக நீ பதில் சொல் என்று கணினியிடம் சொன்னேன்.

பெயர் கூப்பிட்டேன். காலி பெஞ்சுகளிலிருந்து பத்தொன்பது 'உள்ளேன் டீச்சர்' வந்தது. இசக்கி முதலில் சிரித்தாள். அவள் பக்கத்தில் உட்காரும் முத்துமாலையின் குரல் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவன் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 1, மாலை 4.20
பொதுத் தேர்வு. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொதுத் தேர்வு. போனவர்களுக்கும் விடைத்தாள் வேண்டுமே என்று கணினி கேட்டுக்கொண்டே இருந்தது. எரிச்சலில் சொல்லிவிட்டேன்: "தரவகம் என்ன கேட்குதோ அதைக் கொடுத்துத் தொலை."

பத்தொன்பது பேரும் நூற்றுக்கு நூறு. இசக்கி முப்பத்தெட்டு.

ஒரு கேள்வி: மழை வருமுன் மண் எப்படி மணக்கும்? இங்கே பிறந்தவள் அவள். மழையை எங்கே கண்டாள்? 'மண்ணில் வெடிமருந்து வாசம் வரும்' என்று எழுதியிருக்கிறாள். வெளியே போய் வந்து உடுப்பைக் கழற்றும்போது நிலாத் தூசியிலிருந்து எங்கள் எல்லோருக்கும் அடிக்கிற வாசம்தான் அது. சுழியம் போட்டிருந்தார்கள்.

ஜூலை 3, காலை 10.30
"வாழ்த்துகள். தங்கள் பள்ளி முன்மாதிரிப் பள்ளியாகிறது. ஒரு மாணவர் மட்டும் சராசரியைக் குறைக்கிறார். சரிசெய்யவும்."

சரிசெய்ய அவள் என்ன குழாயா?

ஜூலை 6, பகல் 2.00
இனி என் கைப்பலகையில் மட்டும் எழுதுகிறேன். கணினிக்குத் தெரிய வேண்டாம்.

குரல்கள் கூப்பிடாமலே பேசுகின்றன. மதியம் முழுக்கப் பாடம் ஒப்பிக்கின்றன. ஒரு இருமல் இல்லை, ஒரு சந்தேகம் இல்லை, வெளியே போகணும் டீச்சர் என்று ஒரு விரல் இல்லை. திக்கித் திக்கிப் பேசுகிற முத்துமாலை மடை திறந்தாற்போல் ஒப்பிக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. இசக்கி காதைப் பொத்திக்கொண்டு கணக்குப் போடுகிறாள்.

நிறுத்து என்றேன். "முன்மாதிரிப் பள்ளியின் மாணவர்களை நீக்க அனுமதி இல்லை" என்றது. தரவகத்துக்கு உண்மையை எழுதி அனுப்பினேன். வந்த பதில்: "தங்கள் மாணவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கிறது."

ஜூலை 9, காலை 8.50
பள்ளிக் கதவு இசக்கிக்குத் திறக்கவில்லை. காற்றடைத்த நடைக்கூடத்தில் நிற்கிறோம். பெயரைச் சொன்னால் திறக்க வேண்டும். மூன்று தடவை சொன்னாள். நான் சொன்னேன். எனக்கும் திறக்கவில்லை.

9.00
உள்ளே வருகை எடுக்கிற சத்தம். இசக்கியம்மாள் என்று கூப்பிட்டார்கள்.

'உள்ளேன் டீச்சர்' என்று பதில் வந்தது. அவள் குரல்தான். வெளியே நின்ற அவள் வாயே திறக்கவில்லை.

9.02
கதவை உதைத்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண்.

"யாரது வெளிய? பாடம் நடக்குதுல்ல?"

என் குரல். என் அதட்டல்.

9.10
இசக்கி என் முந்தானையை இழுத்தாள். "நம்மதான் உள்ள இருக்கோம்லா டீச்சர். அப்ப நான் அம்மகூடக் குழிக்குப் போவட்டா?"

அவள் கையை விடவில்லை. விட மாட்டேன். கதவு திறக்கவில்லை என்று கேள்விப்பட்டு வந்த மாரிசெல்வி, ஷிப்டுக்கு நேரமாகிறது என்கிறாள். பிள்ளைக்கு இரவல் வாங்கிய தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் என்ன சொல்ல?