அணியம் வைத்த வீடு

ஊர்காவற்றுறை
ஆவணி, 2003

அன்பு மகளுக்கு,

பொழுதுபோக நீ அனுப்பிய பிளாஸ்ரிக் விளையாட்டுக் கட்டைகளால் பாரிஸிலுள்ள உன் வீட்டைப்போல ஒன்று கட்டத் தொடங்கினேன். எனக்கென்று நீ ஒதுக்கிய அறையைத்தான் முதலில் கட்டினேன். சுவர் எழும்ப எழும்ப முன்பக்கம் கூராகி, வள்ளத்தின் அணியமாகிவிட்டது. என்ன செய்ய, கை பழகியது அது. வள்ளமாகவே முடித்துவிட்டேன்.

புது வள்ளத்தை ஆசீர்வதிக்காமல் விடலாமா? தேவாலயத்துச் சுவாமியாரிடம் கொண்டுபோனேன். "இதுக்கு என்ன பேர் வைச்சனீர்?" என்று சிரித்தார். உன் பெயரைச் சொன்னதும் சிரிப்பை விட்டுத் தீர்த்தம் தெளித்தார்.

சண்டை நின்றதால் இப்போது கடலுக்குப் போகத் தடையில்லை. மீனும் நன்றாகப் படுகிறது.

விசாவுக்கு என் படம் கேட்டிருந்தாய். வள்ளத்தோடு ஸ்ரூடியோவுக்குப் போனேன். "நீங்களும் இருங்கோ அண்ணை" என்றார் படம்பிடிப்பவர்.

"வள்ளத்தை மட்டும் எடுத்தால் காணும்" என்றேன். அந்தப் படத்தைத்தான் இத்துடன் வைத்திருக்கிறேன். கோபிக்காதே.

அன்புடன்,
அப்பா