நீள வீட்டின் ஒரு முனை

காஜா பெராங், மலாக்கா
ஆகஸ்ட் 1960

அருமை மகனுக்கு, அத்தாவின் ஸலாம்.

மான்செஸ்டரிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. இன்னும் மூன்று வருடம் அங்கேயே இருந்து ஆராய்ச்சி செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். உயிரணுவைப் பற்றி அந்தக் கணக்கு மெஷினில் நீ செய்வது என்னைப் போன்ற வியாபாரிக்கு விளங்குகிற மாதிரி இல்லை. நானாக விளங்கிக்கொண்டது இதுதான். உயிரணு உருண்டையாக இருந்தால் அதற்கு முன்பக்கம் எது என்று சொல்ல முடியாது. நீளமாக இருந்தால் உள்ளே அலையும் சத்தெல்லாம் ஒரு முனையில் போய்ச் சேரும், அதுவே முன்பக்கமாகிவிடும். சரிதானே?

நம் வீடும் நீளம்தான். முன்னால் துணிக்கடை, கடைசியில் உன் அம்மாவின் அடுப்படி. அவள் மவுத்தான பிறகு நான் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. முதலில் கட்டில் கடைக்கு வந்தது, பிறகு ஸ்டவ், போன வாரம் தண்ணீர்ப் பானை. எதிர்க்கடைத் தையல்காரர் பிச்சை பார்த்துவிட்டு, "என்ன பாய், சொந்த வீட்டுக்குள்ளயே குடி மாறுறீங்களா? வாடகை யாருக்கு?" என்றார். நானும் சிரித்தேன்.

வியாபாரம் நன்றாக நடக்கிறது. எனக்காக நீ எதையும் பாதியில் விடாதே, இருந்து முடி.

ஒன்றை மட்டும் அந்த மெஷினில் போட்டுப் பார்த்து எழுது. எல்லாம் ஒரு முனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், காலியான முனைக்கு ஏதாவது திரும்பி வருமா? அடுப்படிக் கதவைப் பூட்டிவிடலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அத்தா