மணி அடித்த பிறகும் தைத்த மதியம்

அம்மா,

கண் விழித்ததும் என் கைக்குள் ஒரு சட்டைப் பொத்தான் இருந்தது. அது சூப்பர்வைசருடையது. பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறேன். நீயும் அப்பாவும் சுகந்தானே?

எனக்கு வந்த நோயை இங்கே தையல் கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. மதியம் கழிவறையில் ஒளிந்து இன்சுலின் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டு மணி அடித்தும் தையலை முடிக்கச் சொன்னார் சூப்பர்வைசர். பசிக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. சர்க்கரை இறங்கிவிட்டது.

அப்புறம் எதுவும் நினைவில்லை. அவர் மூக்கில் குத்தினேனாம், கையைக் கடித்தேனாம். அவர் அறைந்ததில் என் உதடு கிழிந்தது. பக்கத்து மெஷின் அக்காவின் அப்பாவுக்கும் இதே நோய்; சர்க்கரை இறங்கினால் அவரும் இப்படித்தான் நிதானம் இழப்பாராம். அவள்தான் என்னை அமுக்கிப் பிடித்து வாயில் சர்க்கரை போட்டாள்.

"ஊமைன்னு நெனச்சேன்டி, இப்படி வெளுத்துட்டியே!" என்று சிரித்தாள்.

வேலை உண்டா என்று முதலாளி நாளை சொல்வார். இருந்தால், ஊசி போட வசதியாகக் கை அகலமான சட்டை இரண்டு அனுப்பு. இங்கே கடையில் கிடைக்கும்தான். நீ தைத்ததுதான் வேண்டும்.

அவசரமாக முடிக்கிறேன். ஒன்று விட்டுப்போனது: எனக்குத் தெளிந்ததும், "இந்தப் பைத்தியத்த ஊருக்கு அனுப்புங்க சார்!" என்று சூப்பர்வைசர் முதலாளியிடம் கத்தினார்.

"எனக்குச் சர்க்கரை நோய். ஊசி போட்டா உடனே சாப்பிடணும்," என்று நானும் கத்தினேன். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.