திரும்பிப் போன சகாத் காசு

வெள்ளி இரவு.

நான் கெம்பஸில் பட்டம் படிக்கப் பள்ளிவாசல் தந்த சகாத் காசை இன்று வாப்பாவோடு போய்த் திருப்பிக் கொடுத்தேன். ஏழைப் பிள்ளைகளுக்குரிய காசு அது. அதை வாங்கிய வருசம் நாவிதன்வெளியில் எங்கள் வயல் நன்றாக விளைந்தும், வாப்பா வேண்டாமென்று சொல்லவில்லை. இன்று வழிநெடுகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டே வந்தார். தலைகுனிந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

பள்ளிவாசலில் பொருளாளர் ஹாஜியார் பற்றுச்சீட்டில் ‘சகாத்’ என்று எழுதத் தொடங்கினார்.

“இது சகாத் இல்ல ஹாஜியார். எங்களுக்குச் சேராத காசு, திருப்பித் தாறம்,” என்றேன்.

அவர் பேனையை வைத்துவிட்டார். “திருப்பித் தாறதுக்கு எங்கிட்ட சீட்டுப் புத்தகமே இல்லையே புள்ள!”

“அப்ப ஒண்டு அடிச்சி வைங்க,” என்றார் வாப்பா. “இன்னும் ஆக்கள் வருவாங்க.”

ஹாஜியார் விழுந்து விழுந்து சிரித்தார்.

திரும்பும்போது வாப்பா மோட்டார் சைக்கிளில் பாட்டு முணுமுணுத்தார். அவருக்குப் பாட்டு வரும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.