கறுப்புத் திரைக்குக் காரணம் நான், சபீனா

என் சபீனாவுக்கு,

நீ மௌத்தாகி, எங்களைவிட்டுப் போய், இரண்டு வருடமாகிறது. இதை நீ இருக்கும்போதே எழுதியிருக்கவேண்டும்.

மகளுக்குப் பதினொரு மாதம். மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாள். மூச்சு வருகிறதா என்று இதற்குள் மூன்று தரம் எழும்பிப் பார்த்துவிட்டேன். நீ இருந்தால் சிரிப்பாய்.

அவள் தூங்கும் நேரங்களில் நம் பழைய புத்தகத்தை முதலிலிருந்து படிக்கிறேன். கம்பஸில் படிக்கும்போது போட்டோக்கொப்பி எடுத்தோமே, ஃபுளொப்பி காலத்துப் புத்தகம். நம் செயற்திட்டத்துக்கு, கணினி எழும்பும்போது ஓடும் முதல் வரியிலிருந்து நாமே எழுதவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நீ. “ஆரோ எழுதினதுக்கு மேல எழுதுறது லேசு புள்ள. அடியில என்ன கிடக்கு எண்டு பார்ப்பம்.”

கணினியை எழுப்பும் பகுதி எனக்கு. திரையில் எழுத்து வரவைப்பது உனக்கு. கணினிக்குள் ஓடும் போலிக் கணினியில் எல்லாம் சரியாக ஓடியது. விரிவுரையாளர் சேருக்குக் காட்டிய நாளில், உண்மையான கணினியில், திரை கறுப்பாகவே நின்றது.

“இது ஆரின்ட பகுதி?”

“திரை சபீனாவின்ட, சேர்” என்றேன்.

நீ உன் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டாய். ஊருக்குப் போகக் கிண்ணியா பஸ்ஸில் ஏறமுன், “திருப்பி எழுதிப் பாக்கிறன்” என்றாய். ஒரு மாதம் எழுதினாய். புள்ளி உனக்குத்தான் குறைந்தது.

போன கிழமை அதே நிரலை என் பழைய மடிக்கணினியில் போட்டேன். அதே கறுப்பு. இந்தமுறை கைகாட்ட ஆளில்லை. வரிவரியாகப் பார்த்தேன். தொடங்கும்போது ஓர் இடத்தில் பூச்சியம்தான் இருக்கும் என்று புத்தகம் நம்பியிருக்கிறது. நானும் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறேன். போலிக் கணினி பூச்சியத்தோடுதான் தொடங்கும். உண்மையான கணினியில் அங்கே எதுவும் கிடக்கலாம். பூச்சியமாக்க இரண்டு வரி போதும். அந்த இரண்டும் என் பகுதியில் இல்லை.

சேர்த்தேன். உன் பகுதியில் ஓர் எழுத்தும் தொடவில்லை. நீ எழுதிவைத்த ஸலாம் திரையில் வந்தது.

உனக்கு அப்போதே தெரியுமா? தெரிந்துதான் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தாயா?

“இப்ப சொல்லி என்ன? அந்தப் பிள்ளையும் இல்லையே” என்கிறார் மகளின் அப்பா. ஆனால் உன் உம்மா இருக்கிறா. “சபீனாவுக்கு ஒரு குறை வரவிடாத பிள்ளை” என்று என்னைப் பற்றி எல்லாரிடமும் சொல்லுகிறா. பெருநாளுக்குப் பெருநாள் இனிக்க இனிக்க வட்டிலப்பம் செய்து அனுப்புகிறா. நானும் வாங்கிச் சாப்பிடுகிறேன்.

பிழை என்னுடையது என்று சேருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மகளையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போவேன். உம்மாவுக்கு முதலில் திரையைக் காட்டுவேன். பிறகு, அன்றைக்கு நான் சொன்னதைச் சொல்லுவேன். அதற்குப் பிறகு வட்டிலப்பம் வராவிட்டாலும் சரி.

நீ தங்கச்சிபோல வைத்திருந்த சிநேகிதி,
தர்ஷி