மேனேஜர் தின்ற பதினான்கு மிட்டாய்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், மேனேஜரும் சுகம். முதல் வரியிலேயே நாயைப் பற்றி எழுதிவிட்டேனே என்று நீ பல்லைக் கடிப்பாய், கடித்துக்கொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் குரலிலிருந்தே தெரிந்துகொண்டேன், வியாழக்கிழமை போனில் நீ திட்டிய திட்டில் ஒரு தும்மல்கூடக் குறுக்கே வரவில்லை. இருபது நிமிடம் நீ பேசினாய், நான் பேசியது ஒரே ஒரு ஹலோ. வகுப்பில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்துகிற பழக்கத்தில் அப்பாவையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன், காகிதத்தில் என்னை யாரும் குறுக்கே பேசி நிறுத்த முடியாது.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உன் மாமா ஏற்பாடு செய்கிற பண்ணைக்கு நாயை அனுப்ப மாட்டேன். கடையை மூடிவிட்டு உன் வீட்டு மூலையில் வந்து உட்காரவும் மாட்டேன். ஒரு நாயைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர் தன்னை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று கேட்டாயே, அது நெஞ்சில் தைத்தது, மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அதற்காக மசிந்துவிடுவேன் என்று கனவு காணாதே. உன் மாமா உனக்குச் சொன்னது பாதிக் கதை, அதுவும் அவர் கண்ணால் பார்க்காத பாதி. அன்றைக்கு அவர் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை, போனில் கேட்டுவிட்டு நாய்தானே, சாயங்காலம் தானாக எழுந்து நிற்கும், விடுங்கள் என்று சொன்ன மகான் அவர். முழுக் கதையையும் நான் எழுதுகிறேன், எனக்குச் சாதகமில்லாததையும் சேர்த்தே.

நீ பார்த்த அதே வாசல் அறைக் கடைதான், ஜன்னலோரம் மோட்டாருக்குச் செப்புக் கம்பிச் சுருள் சுற்றும் மிஷின், சுவரோரம் இறக்கை கழற்றிய மின்விசிறிகள், படியில் மேனேஜர். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவான், அந்தத் தோரணைக்கு வைத்த பெயர் அது. எனக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த நாளிலிருந்து என் வாய்க்குக் காவல் போட்டுவிட்டீர்கள். உன் அம்மா சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவளும் என்னோடு சேர்ந்து வெறும் தேநீர் குடிக்க ஆரம்பித்தாள். நீ மாதாமாதம் சர்க்கரை இல்லாத பிஸ்கட் அனுப்பினாய், வாரத்துக்கு ஒரு பெட்டி, திங்கட்கிழமை காலையில் காலிப் பெட்டியின் போட்டோவும் மீட்டரில் பார்த்த சர்க்கரை அளவும் வந்தாக வேண்டும் என்று சட்டமும் போட்டாய். அறுபத்து நான்கு வயதில், முப்பது வருஷம் தனியாகக் கடை நடத்தியவன் மகளுக்கு வீட்டுப்பாடம் காட்ட வேண்டுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த பிஸ்கட்டில் ஒன்றைக்கூட நான் தின்றதில்லை தாயே. அத்தனையும் மேனேஜருக்குத்தான் போட்டேன், சர்க்கரைதான் இல்லையே, நாய்க்கு என்ன கெடுதல் என்று நினைத்தேன். ஒரு வருஷமாக அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த மாதம் நீ பிஸ்கட்டை மாற்றி மிட்டாய் அனுப்பினாய், மரம் படம் போட்ட பச்சைப் பெட்டி. ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன், பற்பசையை மென்ற மாதிரி இருந்தது, துப்பிவிட்டு இழுப்பறையில் வைத்துவிட்டேன். திங்கட்கிழமை வந்தது, பெட்டி காலியாக வேண்டும். மிச்சமிருந்த பதினான்கையும் மேனேஜர் முன்னால் கொட்டினேன், அவன் கடிக்கக்கூட இல்லை, அப்படியே விழுங்கினான். ஒன்பது பத்துக்குக் காலிப் பெட்டியின் போட்டோ உனக்கு வந்தது, நீ கட்டைவிரலைத் தூக்கி சபாஷ் என்று அனுப்பினாய். ஒன்பதே முக்காலுக்கு அவன் படியிலேயே வாந்தி எடுத்தான். எழுந்தான், பின்னங்கால் இரண்டும் அவன் சொன்னபடி கேட்கவில்லை, குடித்தவன் மாதிரி தள்ளாடி மோட்டார் மேல் போய் விழுந்தான்.

உன் அம்மா ஓடிவந்து எதையாவது தின்றானா, எலி மருந்தா, உங்கள் வார்னிஷா என்று கேட்டாள். நான் வெயில் என்றேன். ஆமாம், வெயில் என்றுதான் சொன்னேன், மறைக்க மாட்டேன். அவன் கண் சொருகுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பிறகு அவனுடைய தடுப்பூசி அட்டையில் இருந்த நம்பருக்கு அவள்தான் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். கால்நடை டாக்டரம்மா எடுத்த எடுப்பில் கேட்டது, என்ன தின்றது, எத்தனை, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன. உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். ஏதோ மிட்டாய், ஒன்றிரண்டு என்றேன். ஒன்றிரண்டுக்கு இவ்வளவு பெரிய நாய் இப்படி விழாதே, நீங்கள் சொல்கிற கணக்கை வைத்துத்தான் நான் மருந்து போட வேண்டும், தப்பாகச் சொன்னால் என் கையில் ஒன்றும் இல்லை என்றார் அவர். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பதினான்கு, ஒன்பது பத்துக்கு முன்னால், நானே போட்டேன் என்று கத்திவிட்டேன். நேரத்துக்குச் சாட்சி உனக்கு அனுப்பிய அந்தத் திருட்டுப் போட்டோதான்.

பெட்டியில் உள்ள பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னார், மெல்லிய ஒயர் பார்க்கும் லென்ஸை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். சைலிட்டால் என்று இருந்தது. அவர் குரலே மாறிவிட்டது. அது மனுஷனுக்கு ஒன்றும் செய்யாதாம், நாயின் உடம்பு அதைச் சர்க்கரை என்று ஏமாந்து, ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை எல்லாம் இறக்கிவிடுமாம், ஈரலையும் பிடிக்குமாம். பழைய பிஸ்கட்டில் அது இல்லாததால்தான் ஒரு வருஷம் பிழைத்தான். எதைக் கொடுத்தும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தள்ளாடுகிற நாய்க்கு அது மூச்சுக்குழாயில் போய்விடும், சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்து ஈறில் தடவிக்கொண்டே பெட்டியோடு உடனே கிளம்பி வாருங்கள் என்றார். உன் அம்மா தலையில் கை வைத்தாள். இந்த வீட்டில் சர்க்கரைக்கு நான் எங்கே போவேன் என்று செருப்புகூடப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடப் பார்த்தாள். நான் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினேன். மிஷினுக்குக் கீழே மூன்றாவது இழுப்பறையைத் திறந்து, பழைய போல்ட் என்று எழுதி ஒட்டியிருந்த தகர டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். நிறையச் சர்க்கரை இருந்தது, ஸ்பூனும் இருந்தது. அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தண்ணீர் எடுக்கப் போனாள். அவள் அலறியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குள் எதிர்வீட்டு ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர் செம்பு நிறைய உப்புத் தண்ணீரோடு வந்துவிட்டார், வாயைப் பிளந்து ஊற்றினால் எல்லாம் வெளியே வந்துவிடும், அவர் எத்தனையோ நாயைப் பிழைக்க வைத்தவராம். நான் குறுக்கே நின்றேன். என்னைத் தாண்டித்தான் ஊற்ற வேண்டும் என்றேன். இருபது வருஷப் பழக்கம், முகம் சுருங்கிவிட்டது, இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை, போகட்டும். வாடகைக் காரில் அவன் தலை என் மடியில், விரல் அவன் ஈறில், பல் பட்டு விரல் கிழிந்தது தெரியவே இல்லை. டாக்டரம்மா காது ஓரத்தில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை முப்பத்தெட்டுதான் இருந்தது. எனக்கு ஏறிக் கெடுக்கிற சர்க்கரை அவனுக்கு இறங்கிக் கெடுத்திருக்கிறது. குளுக்கோஸ் ஏற்றினார்கள், மணிக்கொரு தரம் குத்திப் பார்த்தார்கள். சின்ன ஆஸ்பத்திரி, மத்தியானத்துக்குள் அவர்களிடம் இருந்த பரிசோதனைப் பட்டைகள் தீர்ந்துவிட்டன. அப்போதுதான் உன் அம்மா, எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு வரும் என் மருந்துப் பையிலிருந்து நீ வாங்கி அனுப்பிய மீட்டரை எடுத்து நீட்டினாள். மனுஷ மீட்டர் கொஞ்சம் முன்பின் காட்டும், பரவாயில்லை, கொடுங்கள் என்று டாக்டரம்மா வாங்கினார். ஐம்பது பட்டை உள்ள பெட்டி, அதன் ஒட்டு முத்திரையை அவர்தான் முதன்முதலாகக் கிழித்தார்.

வாராவாரம் போட்டோவோடு நான் உனக்கு அனுப்பிய எண்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். உன் அம்மாவுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. அவன் ஊசியோடு படுத்திருக்கிறான், நாங்கள் இரண்டு பேரும் எதிரே பெஞ்சில். அவள் என் பக்கம் திரும்பாமலே, நாய்க்கு எத்தனைன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்க, உங்களுக்கு எத்தனைன்னு என்கிட்ட எப்ப சொல்லப்போறீங்க என்று கேட்டாள். அவ்வளவுதான். இந்த ஆயுசில் என்னை யாரும் இப்படி அடித்ததில்லை. ஒரு வருஷமாக அவள் என்னோடு வெறும் தேநீர் குடித்திருக்கிறாள், நான் சுவருக்கு இந்தப் பக்கம் ஸ்பூனோடு உட்கார்ந்திருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் மேனேஜர் எழுந்து நின்று டாக்டரம்மாவையே மேலும் கீழும் பார்த்தான். அதற்குப் பிறகு மூன்று நாளும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஈரலுக்குச் சேதம் இல்லை. நான்தானே அந்த மிட்டாயை அனுப்பினேன் என்று நீ அம்மாவிடம் அழுதாயாம். அசடு. மனுஷனுக்கு என்று நீ அனுப்பினாய், நாய்க்குப் போட்டவன் நான், பழியை அங்கே இழுத்துக்கொள்ளாதே, என் பழி எனக்கு வேண்டும். பேரன் நாய் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான், தாத்தா பட்ட பாட்டைப் பார்த்தாயா என்று அவனை அடக்குகிறாயாமே. வாங்கிக் கொடு. அந்த மாதிரி மிட்டாய், சூயிங்கம், உங்கள் மாத்திரை எதுவும் அதன் வாய் எட்டுகிற இடத்தில் இருக்கக் கூடாது, கால்நடை டாக்டர் நம்பர் சுவரில் இருக்க வேண்டும், எதையாவது தின்றுவிட்டால் காத்திருக்காதே, கண்ட கைவைத்தியம் செய்யாதே, பேப்பரும் பெட்டியும் எடுத்துக்கொண்டு ஓடு. யார் மேல் பழி வந்தாலும் எத்தனை தின்றது என்பதை மட்டும் குறைத்துச் சொல்லாதே. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பாய், எனக்குத்தான் இருக்கிறது.

என் முடிவு மாறவில்லை. கடை திறந்திருக்கும், மேனேஜர் படியில் இருப்பான், திங்கட்கிழமைப் போட்டோ இனி வராது. காவல் போட்டால் நான் ஓட்டை தேடுவேன், என் சுபாவம் அது, அதனால் காவலை எடுத்துவிடு, என்னிடம் கேள், சொல்கிறேன். மாப்பிள்ளையைக் குளிரில் மஃப்ளர் இல்லாமல் வெளியே போகவிடாதே, அவருக்குச் சளி பிடித்தால் சீக்கிரம் விடாது. நீங்கள் மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், பேரனுக்கு என் முத்தம். இன்று காலை வெறும் வயிற்றில் உன் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து நானே விரலைக் குத்திப் பார்த்தேன். உடனே போனைத் தூக்காதே, நாளைக்கு டாக்டரிடம் நாங்களே போகிறோம். மீட்டர் காட்டியதை அவளிடம் சத்தமாகப் படித்தேன், உனக்கும் அப்படியே எழுதுகிறேன். இருநூற்று எண்பத்தாறு.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்கார அப்பா