அப்பாவின் வலது கை

ஜூன் 3, திங்கள்

அழகுக்கலை வகுப்பில் நான்தான் மூத்தவள். முப்பத்தாறு. மற்ற ஏழு பேரும் பள்ளி முடித்த கையோடு வந்தவர்கள். முதல் வாரத்திலேயே எனக்கு ‘அக்கா’ பட்டம் கிடைத்துவிட்டது. பாடம் எடுக்கும் மேடத்துக்கும் நான் அக்காவாகத்தான் இருப்பேன், வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தலைமுடி, முகம் எல்லாம் முடிந்து இன்றுதான் நகப் பாடம் தொடங்கியது. முதலில் நகம் ராவும் ஃபைலைப் பிடிப்பது. “ஒரே பக்கமா இழுக்கணும். ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் அறுத்தா நகம் பிளந்துடும்” என்றார் மேடம். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பிளாஸ்டிக் நகங்களை ராவத் தொடங்கினோம். சர்... சர்... சர்...

எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். இந்தச் சத்தம் வரும் என்று தெரியாதா எனக்கு? தெரிந்துதானே சேர்ந்தேன்?

ஜூன் 5, புதன்

நகப்பூச்சுக்கு மூன்றே இழுப்பு. நடுவில் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நான்காவது இழுப்பு வந்தால் பூச்சு திரண்டுவிடும். ஓரத்தோலில் படக்கூடாது, மயிரிழை இடம் விடவேண்டும். நான் விட்ட இடத்தில் மாட்டு வண்டியே போகும் என்று பக்கத்துப் பெண் சிரித்தாள்.

பழகுவதற்கு இருப்பது ஒரே ஒரு பிளாஸ்டிக் கை, எட்டுப் பேருக்கு. “வீட்ல யார் கையாவது பிடிச்சுப் பழகுங்க. பரீட்சைக்கும் உயிருள்ள கைதான் கூட்டிட்டு வரணும்” என்றார் மேடம்.

வீட்டில் அம்மா, அப்பா, நான். அம்மாவிடம் கேட்டேன். “எனக்கு எதுக்குடி இதெல்லாம்” என்று ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 8, சனி

அப்பாவுக்கு உடற்பயிற்சி கொடுப்பவர் வந்துபோனார். பக்கவாதம் வந்து ஏழு மாதம். வலது கை இன்னும் துணிபோலக் கிடக்கிறது. பேச்சில் திரும்பி வந்தது ஒரே ஒரு சொல், “சரி.”

தண்ணி வேணுமா? சரி. ஃபேன நிறுத்தவா? சரி. வலிக்குதா? சரி.

ஆயுளில் என்னிடம் ஒரு தடவைகூடச் சரி சொல்லாத மனிதர். எல்லாச் சொல்லையும் பிடுங்கிக்கொண்டு, அவர் எடுத்துப் புழங்காத ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறது நோய். புத்தம் புதுசாக இருக்கிறது அது அவர் வாயில்.

“அவருக்கு எல்லாம் புரியுதுங்க. வார்த்தைதான் வரல” என்றார் பயிற்சி கொடுப்பவர். “அந்தச் சரிய நம்பி எதுவும் பண்ணிடாதீங்க. வேணும்னாலும் அதான், வேணாம்னாலும் அதான். முகத்தப் பாருங்க, அதுல தெரியும்.”

ஜூன் 12, புதன்

மதியம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். அப்பாவின் வலது கை போர்வையின்மேல் கிடந்தது. பிளாஸ்டிக் கைகூடத் தாங்கியிலிருந்து வழுக்கும். இது வழுக்காது.

“அப்பா, கொஞ்சம் பழகிக்கட்டுமா?”

“சரி.”

நான் முகத்தைப் பார்க்கவில்லை.

நிறமில்லாத பூச்சுதான் போட்டேன். ஐந்து விரலுக்கும் மும்மூன்று இழுப்பு. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால்தான் மினுமினுப்பு தெரியும். யாருக்கு என்ன நஷ்டம்?

ஜூன் 13, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இன்று முழுவதும் கை ஓடாது.

அப்பா எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். காலையில் வரிசையில் நிற்கும்போது நகம் பார்ப்பார். எனக்குப் பன்னிரண்டு வயது. முந்தின நாள் அம்மா ஒரு சின்னச் சிவப்புப் பூச்சுச் சீசா வாங்கித் தந்திருந்தாள். அப்பா கண்ணில் படாமல் அழிச்சிடு என்றும் சொல்லியிருந்தாள். எனக்கு அழிக்க மனசு வரவில்லை. ஒருநாள்தானே, கையை மடக்கிக்கொண்டு நின்றால் போயிற்று என்று நினைத்தேன்.

“கைய நீட்டு.”

மேடைக்குக் கூட்டிப்போனார். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டைப் பையிலிருந்து பென்சில் சீவும் பிளேடை எடுத்தார். பத்து விரலையும் சுரண்டினார். அவசரமே படவில்லை. சர்... சர்... “யார் குடுத்தா?” என்று ஒவ்வொரு விரலுக்கும் ஒருமுறை கேட்டார். நான் சொல்லவில்லை. ஏழாவது விரலில் பிளேடு நகக்கண்ணில் இறங்கியது. சிவப்பு எது பூச்சு, எது ரத்தம் என்று தெரியவில்லை. அவர் நிறுத்தவில்லை. முன்வரிசையில் ஒருவன் சிரித்தான்.

நகமும் சதையுமாக இருக்கிறார்கள் என்று உறவைச் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளேடு போகும் அளவுக்கு இடம் உண்டு. எனக்குத் தெரியும்.

நான் அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மாவும் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. மருந்து போட்டுவிட்டாள், அவ்வளவுதான். வீட்டில் இன்றுவரை யாரும் அதைப் பேசியதில்லை.

ஜூன் 19, புதன்

ஐந்து புள்ளி வைத்து, ஈரம் காய்வதற்குள் பல்குச்சியால் ஒவ்வொன்றையும் நடுவுக்கு இழுத்தால் பூ. அப்பாவின் ஆள்காட்டி விரலில் முதல் பூ. நடுவிரலில் இன்னொன்று, அது நசுங்கிய பூச்சி மாதிரி வந்தது. அம்மா வருவதற்குள் ரிமூவர் போட்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன்.

“என்னடி, ஆஸ்பத்திரி வாடை அடிக்குது?” என்றாள் அம்மா.

“டெட்டால்மா.”

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 25, செவ்வாய்

சிவப்புதான் கஷ்டமான நிறமாம். தப்பு அத்தனையும் ஊருக்கே தெரியும் என்கிறார் மேடம். அப்படியென்றால் சிவப்பில்தானே பழகவேண்டும்?

போட்டேன். மதியம் முழுக்க எடுத்துக்கொண்டேன். ஓரம் பிசகாமல், மயிரிழை இடம் விட்டு, இதுவரை போட்டதிலேயே அதுதான் நன்றாக வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கம் என்று எழுதப் பார்க்கிறேன். தூக்கம் இல்லை.

ஜூன் 27, வியாழன்

அப்பாவின் பழைய மாணவர்கள் மூன்று பேர் பார்க்க வந்தார்கள். ஒரு காலத்தில் தொடர் ஓட்டத்தில் கோப்பை வாங்கியவர்கள். இப்போது மூவருக்கும் முன்னால் வயிறு ஓடுகிறது. அவர்களில் நீளக்கால் என்று அப்பா கூப்பிட்டுவந்தவர் அவருக்கு மகன் மாதிரி. அவர் கட்டிலில் உட்கார்ந்து, “சார், நான் வந்திருக்கேன் சார்” என்று போர்வைக்குள்ளிருந்து அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார்.

ஐந்து சிவப்பு நகம்.

பின்னால் நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். வேண்டுமென்று சிரித்ததல்ல, இருமல்போலத் தெறித்துவிட்டது. நீளக்கால் கையை மெதுவாகப் போர்வைக்குள் வைத்தார். “ரெஸ்ட் எடுங்க சார்.”

“சரி” என்றார் அப்பா. “சரி. சரி. சரி. சரி...” அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்வரை நிறுத்தவில்லை. கண்ணில் நீர் காதுவரைக்கும் ஓடியது.

இன்றும் பழகிக்கொண்டிருந்தேன். திடீரென்று வந்துவிட்டார்கள். அழிக்க நேரமில்லை. நான் என்ன செய்ய முடியும்?

ஜூன் 28, வெள்ளி

வகுப்புக்குப் போகவில்லை.

ஜூலை 1, திங்கள்

வியாழக்கிழமை எழுதியது பொய்.

அவர்கள் காலையிலேயே ஃபோன் செய்து சொல்லிவிட்டார்கள். எடுத்தது நான்தான். மூன்று மணிக்கு என்று சொன்னார்கள். இரண்டரைக்குத்தான் சிவப்புப் போட ஆரம்பித்தேன். வாசலில் கார் நின்றபோது ரிமூவர் சீசா ஒரு கையில், பஞ்சு ஒரு கையில். ஐந்து நகத்தைத் துடைக்க ஒரு நிமிஷம் போதும், வகுப்பில் கடிகாரம் வைத்துச் செய்திருக்கிறேன்.

மூடியைத் திருகி மூடினேன். போர்வையை இழுத்து மூடினேன். கதவைத் திறக்கப் போனேன்.

நீளக்கால் கையை எடுப்பார் என்று எனக்குத் தெரியாது.

தெரியாதா? அவர் வரும்போதெல்லாம் அதைத்தானே செய்வார்? ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்... பேச முடியாத ஆள... என்ன பண்ணிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள். “ஆசை தீர்ந்துச்சா?”

நான் கழுவிய தட்டை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன்.

“பூச்சு வாடைக்கும் டெட்டாலுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? மொத நாளே தெரியும். பேசாம இருந்தேன். அன்னிக்கும் பேசாமத்தான் இருந்தேன். சீசா நான் வாங்கினதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உன் விரல் பொழச்சிருக்கும். பயம். என்கிட்ட வந்து கேட்டிருக்கணும் நீ. ஏன்மா சொல்லலன்னு என் சட்டையப் பிடிச்சுக் கேட்டிருக்கணும். திருப்பிப் பேச வாயிருக்கு எனக்கு. அந்த மனுஷனுக்கு என்ன இருக்கு?”

குழாயை மூடினாள். கரி அப்பிய கையோடு அப்படியே நின்றாள். நானும் நின்றேன். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தொடத் தெரியவில்லை.

ஜூலை 8, திங்கள்

நான் அறைக்குள் நுழைந்ததும் அப்பாவின் இடது கை எழும்புகிறது. வலது கையின் மணிக்கட்டைப் பிடித்து, இழுத்து, போர்வைக்குள் ஒளித்துவைக்கிறது. கஞ்சிக் கிண்ணத்தோடு போனாலும் அப்படித்தான். மாத்திரையோடு போனாலும் அப்படித்தான். ஒளித்த பிறகுதான் வாயைத் திறக்கிறார்.

வகுப்பில் ஃபைல் சத்தம் இப்போது எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. சர்... சர்... இல்லை. சரி. சரி. சரி. எட்டு மேசையிலிருந்தும். முன்பெல்லாம் அந்தச் சத்தத்தில் நான் பன்னிரண்டு வயசுப் பிள்ளை. இப்போது பிளேடு என் கையில் இருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

மன்னிப்புக் கேட்டேன்.

“சரி” என்றார்.

இந்தத் தடவை முகத்தைப் பார்த்தேன். முகம் சுவர்ப் பக்கம் இருந்தது.

ஜூலை 23, செவ்வாய்

இன்று கோடு போடும் பாடம். மெல்லிய ஒட்டுநாடாவை நகத்தில் ஒட்டி, நிறம் பூசி, உரித்தால் நேர்க்கோடு வரவேண்டும். எனக்கு வாய்க்கால் மாதிரி வளைகிறது. கண்ணீர் பிளாஸ்டிக் கைமேல் விழுந்துவிட்டது.

மேடம் வந்து பார்த்தார். “பரீட்சைக்கு ரெண்டரை வாரம்தான் இருக்கு. அழுறதுன்னா வெளிய போய் அழுதுட்டு வந்துடுங்க. பூச்சுல தண்ணி பட்டா குமிழ் வரும்.”

போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பரீட்சை. யார் கையும் கிடைக்கவில்லை என்று சொல்லித் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். வாசலில் அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். “நேரமாச்சு, நட.”

என் எதிரில் உட்கார்ந்து கையை மேசைமேல் வைத்தாள். சோப்பு தின்ற விரல்கள், வெடித்த ஓரங்கள். எந்த நிறம் என்று கேட்டேன். “சிவப்பு வேணாம்” என்றாள். டீ நிறத்தில் ஒன்றைக் காட்டினாள். ஊறவைத்து, தோலைத் தள்ளி, ராவினேன். “வலிக்குதாம்மா?” என்று பத்து விரலுக்கும் கேட்டேன். “இல்லடி, இல்லடி” என்றாள் பத்துத் தடவையும். இல்லை என்று சொல்லத் தெரிந்த ஒருவரின் கையைப் பிடித்திருப்பது எவ்வளவு லேசாக இருக்கிறது!

தேறிவிட்டேன். இடது கட்டைவிரலில் பூச்சு தோலில் ஏறியிருக்கிறது என்று குறித்திருக்கிறார்கள்.

அம்மா அதை அழிக்கவில்லை. அந்த நகங்களோடு அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினாள். முதல் கரண்டிக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. அவள் விரல்களையே வெகுநேரம் பார்த்தார். “நான்தாங்க” என்றாள் அம்மா. “அன்னிக்கும் அந்தச் சீசாவ வாங்கினது நான்தான்.”

அப்பா சரிகூடச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

வலது கை விரல்கள் உள்நோக்கி மடங்கி இறுகத் தொடங்கிவிட்டன. வளர்ந்த நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகியிருக்கிறது. பயிற்சி கொடுப்பவர் வெட்டப் போனார், இடது கையால் அவர் முகத்தில் அறைந்துவிட்டார் அப்பா. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை.

“வெட்டியே ஆகணும். புண்ணு சீழ் பிடிச்சா கஷ்டம்” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார் அவர். அப்பாவும் என்னைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஸ்டூலில் உட்கார்ந்தேன். நகவெட்டியைப் போர்வைமேல் அவருக்குத் தெரியும்படி வைத்தேன். வேறு எதுவும் கொண்டுபோகவில்லை, இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கேள்வி கேட்கவில்லை. கேட்டால் ஒரே பதில்தானே வரும்.

அரை மணி. கை போர்வைக்குள்ளேயே இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

அதேபோல. ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஒன்றுமில்லை. புண் வாடை வருகிறது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்று மதியம் இடது கை போர்வைக்குள் போனது. வலது கையைத் தூக்கிக்கொண்டு வந்தது. கனமான ஒன்றை மேசையில் வைப்பதுபோல என் உள்ளங்கையில் வைத்தது.

சுண்டுவிரலை மெல்லப் பிரித்து வெட்டினேன். டிக். உடனே கையை இழுத்துப் போர்வைக்குள் கொண்டுபோய்விட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் விரித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பிப் போகும்வரை இருந்தேன். திரும்பக் கொண்டுவந்து வைத்தார். மோதிர விரல். இழுத்துக்கொண்டார். காத்திருந்தேன். நடுவிரல்.

அதன்பிறகு தரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நகத்துண்டுகளைப் பொறுக்கினேன். உள்ளங்கைக்கு மருந்து போட அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா கையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். “ரெண்டு விரல விட்டுட்டியே?”

“அவர் குடுக்கல” என்றேன்.